சென்னை – டொராண்டோ: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி?

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூன் மாதம், அம்மா முதல்முறையாக டொராண்டோ வந்தார். கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஃபோனில், "எவ்ளோ நேரம்டா ஆவும்?" என்று கேட்டார். டிக்கெட்டைப் பார்த்தேன். சென்னையில் காலை 5.30, டொராண்டோவில் மாலை 5.15, அதே தேதி. "காலைல ஏறினா சாயங்காலம் இங்க இருப்பம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அவர் கைப்பையில் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த நீல நிற மாத்திரை டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். காலை மாத்திரையை மீனம்பாக்கத்திலேயே போட்டுக்கொண்டார். மதியத்துக்கானதை விமானத்தில் சாப்பாடு வந்ததும் போட்டுக்கொண்டார். இரவு மாத்திரையை இருட்டியதும் போடலாம் என்று காத்திருந்தார். இருட்டவே இல்லை. லண்டனில் வெயில், அட்லாண்டிக் மேலே வெயில், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் வெயில். "ஏன்டா, இன்னும் பொழுதே போவலியே" என்று சோபாவில் சாய்ந்தபடி அவர் கேட்டபோது மணி எட்டரை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். 'இரவு' அறையில் இரண்டு மாத்திரைகள் அப்படியே இருந்தன. எங்கள் ஊர் கும்பகோணத்தில் அப்போது மறுநாள் காலை ஆறு மணி.

ஜூனில் சென்னையில் சூரியன் உதிப்பது சுமார் 5.40க்கு. டொராண்டோவில் மறைவது இரவு 9 மணிக்கு, அதாவது இந்திய நேரப்படி அடுத்த நாள் காலை 6.30க்கு. அம்மாவுக்கு அன்று ஏறக்குறைய 25 மணி நேரப் பகல். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்களுக்கும், படிக்கவோ வேலைக்கோ முதல்முறை கிளம்புகிறவர்களுக்கும் அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னை–டொராண்டோவை வைத்துச் சொல்கிறேன். முறை எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

முதலில் எந்த விமான நிலையம் என்று உறுதி செய்யுங்கள்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. சென்னை எம்ஏஏ; மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். டொராண்டோ பியர்சன் ஒய்ஒய்இசட். கனடாவின் பெரிய நிலையங்களின் குறியீடுகள் பெரும்பாலும் ஒய் எழுத்தில்தான் தொடங்கும். டொராண்டோவில் ஏரிக்கரைத் தீவில் பில்லி பிஷப் என்று இன்னொரு சிறிய நிலையமும் இருக்கிறது, அதன் குறியீடு ஒய்டிஇசட். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். தூரம் தேடும்போதும் டிக்கெட் தேடும்போதும் ஊர்ப் பெயரைப் போடாமல் குறியீட்டைப் போடுங்கள். லண்டன் மாதிரி ஐந்தாறு விமான நிலையம் உள்ள ஊரில் இது இன்னும் முக்கியம்: ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுகிற மாதிரி டிக்கெட் அமைந்துவிட்டால், நடுவில் ஊரைச் சுற்றிப் பெட்டியோடு பஸ்ஸில் போக வேண்டியிருக்கும்.

தூரம்: ஒரு உருண்டையும் ஒரு நூலும்

சுவரில் மாட்டுகிற உலக வரைபடத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது அரேபியா, சகாரா பாலைவனம், அட்லாண்டிக் என்று போகும். வழக்கமான பள்ளிக்கூட வரைபடத்தில் அந்தக் கோட்டின் நீளம் சுமார் 15,700 கி.மீ. விமானம் அந்த வழியில் போவதில்லை.

பிள்ளைகள் படிக்கிற மேசையில் ஒரு குளோப் இருந்தால் எடுங்கள். தையல் நூலின் ஒரு முனையைச் சென்னையில் கட்டை விரலால் அழுத்திக்கொண்டு, மறு முனையை டொராண்டோவில் வைத்து இறுக்கி இழுங்கள். நூல் தானாகவே வடக்கே நழுவும். டெல்லிக்குச் சற்று மேற்கே ஏறி, கஜகஸ்தான், ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்து என்று போய், கனடாவுக்குள் வடக்கிலிருந்து இறங்கும். உச்சியில் 73 டிகிரி வட அட்சத்தையும் தாண்டும். இறுக்கின நூலின் நீளம்தான் உருண்டையின் மேல் மிகக் குறைந்த தூரம்: சுமார் 13,400 கி.மீ. ஸ்கேல் கோட்டைவிட 2,300 கி.மீ. குறைவு. கொழும்பிலிருந்து இதையே அளந்தால் சுமார் 14,000 கி.மீ. வரும்.

என் மகள் இந்த நூல் விளையாட்டை அம்மாவுக்குச் செய்து காட்டினாள். "வடக்க போனா சுத்துன்னுல்ல நெனச்சேன்" என்றார் அம்மா. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இணையத்தில் தூரம் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் கிலோமீட்டர், சில இடங்களில் மைல், விமானத் துறையில் கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ., ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அதே 13,400 கி.மீ. தான் 8,300 சொச்சம் மைல் என்றும், 7,200 சொச்சம் கடல் மைல் என்றும் எழுதப்படும். மூன்று இடத்தில் மூன்று எண் வந்தால் குழம்ப வேண்டாம்.

நடுவில் இறங்கினால் எவ்வளவு கூடும்?

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. தூரம் அதிகம் என்பது மட்டும் காரணமில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரை 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டரை மணி நேரத்துக்கும் கூடுதலாக, ஒரே மூச்சில் பறக்கிற விமானம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நமக்கு இப்போதைக்கு ஒரு இடத்திலாவது இறங்கி ஏற வேண்டும். எங்கே இறங்குவது என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

லண்டன் வழியாக: சென்னை–ஹீத்ரோ 8,230, ஹீத்ரோ–டொராண்டோ 5,710, மொத்தம் சுமார் 13,940 கி.மீ.

பிராங்பேர்ட் வழியாக: 7,590, பிறகு 6,340. மொத்தம் கிட்டத்தட்ட லண்டன் அளவேதான்.

துபாய் வழியாக: 2,930, பிறகு 11,080. மொத்தம் சுமார் 14,000 கி.மீ.

டெல்லி வழியாக: 1,760, பிறகு 11,640. மொத்தம் 13,400. நூல் டெல்லிக்குப் பக்கத்தில் போனது நினைவிருக்கிறதா? அதனால் டெல்லியில் இறங்கினால் தூரம் கூடுவதே இல்லை.

ஹாங்காங் வழியாக: 3,710, பிறகு சுமார் 12,570. மொத்தம் 16,300 கி.மீ. நேர்த் தூரத்தைவிட 2,900 கி.மீ. அதிகம்.

ஆக, முதல் நான்கு வழிகளுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. "துபாய் சுத்து, லண்டன்தான் நேர்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் இடையே 60, 70 கி.மீ. தான். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், பயணம் எப்படிப் பிரிகிறது என்பதில். லண்டனில் இறங்கினால் பதினொரு மணி நேரம், பிறகு எட்டு. துபாயில் இறங்கினால் நான்கு சொச்சம், பிறகு பதினான்கு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பதினான்கு மணி நேரம் ஒரே சீட்டில் உட்காருவது பெரும்பாடு. அப்படிப்பட்டவர்களுக்கு நான் ஐரோப்பா வழியைத்தான் சொல்வேன், டிக்கெட் கொஞ்சம் கூடினாலும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் சிலர் நேர் எதிராக, ஒரே நீளமான தூக்கம் கிடைக்கட்டும் என்று துபாய் வழியை விரும்புகிறார்கள். அதுவும் நியாயம்தான்.

தூரத்தை மணி நேரமாக்குவது

பெரிய ஜெட் விமானங்கள் மணிக்கு ஏறக்குறைய 900 கி.மீ. வேகத்தில், 10 முதல் 12 கி.மீ. உயரத்தில் பறக்கின்றன. எனவே தூரத்தை 900ஆல் வகுங்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, கேட்டில் வந்து நிற்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 40 நிமிடம் கூட்டுங்கள். நீண்ட பயணத்தில் மேற்கே போகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள்.

சென்னை–லண்டன்: 8,230ஐ 900ஆல் வகுத்தால் 9 மணி 10 நிமிடம். 40 நிமிடம் கூட்டினால் 9.50. மேற்கே போவதால் ஒரு மணி நேரம் கூட்ட, 10.50. விமான நிறுவனங்களின் அட்டவணையிலும் பதினொன்றை ஒட்டித்தான் இருக்கும். லண்டன்–டொராண்டோவுக்கு இதே முறையில் 8 மணி நேரம், துபாய்–டொராண்டோவுக்கு 14 மணி நேரம் வரும்.

மேற்குக்கு மட்டும் ஏன் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம்? விமானம் பறக்கிற உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும். போகும்போது அதை எதிர்த்துப் போக வேண்டும். திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளும். டொராண்டோவிலிருந்து லண்டன் ஏழு மணி நேரத்தில் வந்துவிடும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நேரத்தில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று இந்தக் காற்றில் ஏறி 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல்.

டிக்கெட்டில் போட்டிருக்கிற புறப்படும் நேரம், சக்கரம் தரையை விட்டு எழும்புகிற நேரம் அல்ல. விமானம் கேட்டை விட்டு நகர்கிற நேரம். வந்து சேரும் நேரமும் அப்படியே: கேட்டில் வந்து நிற்கிற நேரம். அதனால் 5.30 விமானம் 5.55க்கு மேலே ஏறினால் "இருபத்தஞ்சு நிமிஷம் லேட்டு" என்று பதற வேண்டாம். அது கணக்கில் உள்ளதுதான்.

வானத்தில் மூடின கதவுகள்

குளோப் நூல் ரஷ்யாவுக்கு மேலே போகிறது என்று சொன்னேன். 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக ஒன்பதரை மணி நேரம் போல இருந்தது, இதனால் பதின்மூன்று மணி நேரமாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா வரும் ஏர் இந்தியா விமானங்களில் சில, எரிபொருளுக்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கிப் போக வேண்டிவந்தது.

இரண்டு வருடம் முன்பு போய்வந்த சித்தப்பா சொல்கிற நேரம் இன்று பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம். டிக்கெட் எடுக்குமுன் விமான எண்ணை ஃப்ளைட்ரேடார்24 மாதிரியான தளத்தில் போட்டு, கடந்த ஒரு வாரம் அது நிஜமாக எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று பாருங்கள். அட்டவணையைவிட நம்பகமான தகவல் அது. ஒரு விமானம் வாரத்தில் நான்கு நாள் ஒரு மணி நேரம் தாமதம் என்றால், அதை நம்பி அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுக்கக் கூடாது.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் கடிகாரம்

நான் தவறு செய்த இடம் இதுதான்.

புறப்படும் நேரம் சென்னை நேரம். லண்டன் நேரம் லண்டனுக்கு. வந்து சேரும் நேரம் டொராண்டோ நேரம். ஒன்றிலிருந்து மற்றொன்றை நேராகக் கழித்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

டொராண்டோ இந்தியாவைவிடக் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி வைப்பார்கள். பிரிட்டனில் இது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கும். அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரம் லண்டனுக்கும் டொராண்டோவுக்கும் வழக்கமான ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம்தான் வித்தியாசம். இந்தியாவிலும் துபாயிலும் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை.

மனக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. இங்கே உள்ள தமிழர்கள் பலர் இப்படித்தான் போடுகிறோம். கோடையில், இந்திய நேரத்தோடு இரண்டரை மணி கூட்டி, காலையை இரவாக மாற்றுங்கள். இந்தியாவில் காலை 6 என்றால் டொராண்டோவில் முந்தின நாள் இரவு 8.30. குளிர்காலத்தில் இரண்டரைக்குப் பதில் ஒன்றரை. டொராண்டோவிலிருந்து இந்திய நேரம் வேண்டுமென்றால் அதே அளவு கழித்து, காலை மாலையை மாற்றினால் போதும்.

இப்போது அம்மாவின் டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் காலை 5.30க்குக் கிளம்புகிறார். டொராண்டோவில் மாலை 5.15க்கு இறங்குகிறார். 5.15ஐ இந்திய நேரமாக்கினால் மறுநாள் அதிகாலை 2.45. 5.30லிருந்து 2.45 வரை 21 மணி 15 நிமிடம். சரிதானா என்று துண்டு துண்டாகவும் பார்க்கலாம்: முதல் விமானம் 10 மணி 45 நிமிடம், லண்டனில் காத்திருப்பு இரண்டரை மணி, இரண்டாவது விமானம் 8 மணி. கூட்டினால் அதே 21.15. நேராகக் கழித்த நான் கண்டது வெறும் 11.45.

இரண்டு வழியிலும் போட்டு, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள். எந்த ஊருக்குப் போனாலும் இந்த ஒரு கணக்கை விடாதீர்கள்.

திரும்பும் பயணம் எதிர்ப்பக்கம் ஏமாற்றும். வெள்ளி இரவு 8 மணிக்கு டொராண்டோவில் ஏறுகிறீர்கள். ஏழு மணி நேரத்தில் லண்டன், அங்கே சனி காலை 8. ஐந்து மணி நேரம் காத்திருப்பு. பகல் 1 மணிக்கு ஏறி, பத்து மணி நேரம் பறந்து, சென்னையில் இறங்கும்போது ஞாயிறு அதிகாலை 3.30. டிக்கெட்டில் ஓரத்தில் சின்னதாக +2 என்று போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்குவதால் இரண்டு நாள் பயணம் போலத் தோன்றும். பயணம் 22 மணி நேரம்தான்.

தேதியில் வருகிற விபத்து

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டிக் கிளம்புபவை. 15ஆம் தேதி 1.40 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு பத்து மணிக்கு. எங்கள் சொந்தத்தில் ஒரு குடும்பம் 15ஆம் தேதி இரவு, மாலை மரியாதையெல்லாம் முடித்துக்கொண்டு, இருபது பேர் வழியனுப்ப, மீனம்பாக்கம் போய் நின்றது. விமானம் முந்தின நாள் இரவே போய்விட்டது. கல்லூரி சேரப் போன பையன் கவுன்ட்டர் முன்னால் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதான். புது டிக்கெட்டுக்கு அவன் அப்பா நகையை அடகு வைத்தார்.

அதனால் டிக்கெட் வந்ததும் முதல் வேலையாக, காலண்டரில் விமானத் தேதியைக் குறிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதியையும் கிழமையையும் குறியுங்கள். "வியாழன் இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம்" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விமானம் என்று சொல்லாதீர்கள்.

அழைத்துப்போக வருகிறவருக்கும் அதேபோல +1, +2 பார்த்து, இறங்குகிற ஊரின் தேதி, கிழமை, நேரம் மூன்றையும் அனுப்புங்கள். ஹாங்காங் வழியாகப் பசிபிக் கடலைத் தாண்டி வருகிறவர்கள் தேதிக் கோட்டைக் கடப்பதால், ஹாங்காங்கில் மாலையில் கிளம்பி அதே நாள் மாலை டொராண்டோவில் இறங்குகிற மாதிரியும் அமையும். அந்த விமானத்துக்கு +1 எதுவும் இருக்காது.

ட்ரான்சிட் (நடுவில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரம்) எவ்வளவு வைப்பது?

முதல்முறை வருகிறவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். அம்மாவுக்கு நான் வைத்த இரண்டரை போதவில்லை. முதல் விமானம் அரை மணி தாமதமாக வந்து, மறுபடியும் செக்யூரிட்டி வரிசையில் நின்று, கேட்டுக்குப் போனபோது பாதிப் பேர் ஏறியிருந்தார்கள். வீல்சேர் கேட்டு வைத்திருந்ததால்தான் பிழைத்தோம். வீல்சேருக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம் இல்லை. இரண்டு நாளைக்கு முன்பே விமான நிறுவனத்தில் சொல்லி, டிக்கெட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நடக்க முடிகிறவர்கள்கூட மொழி தெரியாத இடத்தில் கேட் தேடி அலையாமல் இருக்க இது உதவும். வயதானவர்கள் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் அதுவும் கஷ்டம்தான். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது.

இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். ஒரே டிக்கெட் என்றால் பெட்டி பொதுவாக டொராண்டோவில்தான் கைக்கு வரும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் எடுத்து ஐயாயிரம் பத்தாயிரம் மிச்சம் பிடித்தால், நடு ஊரில் இறங்கி, இமிக்ரேஷன் தாண்டிப் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். அதற்குப் பெரும்பாலும் அந்த நாட்டு விசாவும் வேண்டும். ஒரே டிக்கெட்டில் போனாலும் சில நாடுகளில் ட்ரான்சிட் விசா விதி இருக்கிறது. கனடா விசா கையில் இருந்தால் பல இடங்களில் விலக்கு உண்டு. ஆனால் விதிகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு அந்த நாட்டு அரசுத் தளத்தில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்று பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

டெல்லி அல்லது மும்பை வழியாகச் சென்னை திரும்புகிறவர்கள், இந்தியாவில் முதலில் இறங்குகிற ஊரிலேயே இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் முடிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கவும் வேண்டிவரும். அதற்கும் சேர்த்து நேரம் வையுங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

விமான நேரம் பயண நேரத்தில் ஒரு பகுதிதான். அம்மா கும்பகோணத்து வீட்டுத் திண்ணையிலிருந்து கிளம்பியதிலிருந்து பார்த்தால்: சென்னை விமான நிலையம் வரை காரில் ஆறு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கவுன்ட்டரை மூடிவிடும். வழியில் டயர் பஞ்சரானால் என்று ஒரு மணி நேரம் கூடுதல். பிறகு அந்த 21 மணி 15 நிமிடம். பியர்சனில் இமிக்ரேஷன், பெட்டி என்று ஒன்றரை முதல் இரண்டு மணி. ஸ்கார்பரோ வீட்டுக்கு முக்கால் மணி. மொத்தம் 34 மணி நேரம்.

இந்த எண்ணைத்தான் நான் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். 34 மணி நேரம் என்று தெரிந்திருந்தால் அவர் முந்தின நாள் மதியம் தூங்கியிருப்பார், மாற்றுப் புடவை கைப்பையில் வைத்திருப்பார், இட்லிப் பொடி தடவிய நாலு இட்லிக்குப் பதில் எட்டு எடுத்து வந்திருப்பார்.

மாத்திரைக்கு ஒரு கடிகாரம்

மேற்கே போகிற நாள் கோடையில் முப்பத்து மூன்றரை மணி நேர நீளம். கிழக்கே திரும்புகிற நாள் பதினாலரை மணி நேரம்தான். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே இந்த இரண்டு எண்களையும் மருத்துவரிடம் சொல்லி, எந்த மாத்திரையை எப்போது, இன்சுலினைக் கூட்டுவதா குறைப்பதா என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நாமாக முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்; பெட்டியில் போடக் கூடாது.

அடுத்த முறை அம்மா வந்தபோது இரண்டு கடிகாரம் வைத்தோம். கையில் கட்டியிருந்த பழைய வாட்ச் இந்திய நேரத்திலேயே இருந்தது, வீடு வந்து சேரும் வரை யாரும் அதைத் தொடவில்லை. மாத்திரை நேரத்தை மருத்துவர் அந்த இந்திய நேரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார். ஃபோன் அந்தந்த ஊர் நேரத்துக்குத் தானாக மாறிக்கொண்டது. கேட், போர்டிங் எல்லாவற்றுக்கும் அது. வெளியே வெயிலா இருட்டா என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

உறக்கம் சரியாக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கில், ஒரு வாரம் பத்து நாள் ஆகும். இந்தியா திரும்பும்போது இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே படுத்தும். வந்த மூன்றாம் நாளே நயாகரா கூட்டிப்போக வேண்டாம்.

அம்மாவுக்குக் கொடுத்த தாள்

அந்த இரண்டாவது பயணத்துக்கு, அரைத்தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் செருகி வைத்தோம். பியர்சனில் டெர்மினல் 1, டெர்மினல் 3 என்று இரண்டு இருப்பதால் அதையும் மறக்காமல் சேர்த்தோம். உங்களுடைய நேரங்களைப் போட்டு இதையே எழுதிக்கொள்ளலாம்:

திங்கள் மாலை 5 – வீட்டிலிருந்து கார்.
திங்கள் இரவு 11 முதல் செவ்வாய் அதிகாலை 1க்குள் – மீனம்பாக்கம். வீல்சேர் கேட்கவும்.
செவ்வாய் காலை 5.30 – முதல் விமானம். 10 மணி 45 நிமிடம்.
கை வாட்சில் செவ்வாய் மாலை 4.15 – லண்டன். அங்கே காலை 11.45.
கை வாட்சில் இரவு 7.45 – இரண்டாவது விமானம். அங்கே மதியம் 3.15. எட்டு மணி நேரம்.
கை வாட்சில் இரவு 8.30 – சாப்பிட்டு, இரவு மாத்திரை. வெளியே வெயிலாக இருக்கும்.
கை வாட்சில் புதன் அதிகாலை 3.45 – டொராண்டோ, டெர்மினல் 3. அங்கே செவ்வாய் மாலை 6.15.
பெட்டி எடுத்துக் கண்ணாடிக் கதவு தாண்டினால் நான் நிற்பேன். எங்கேயும் நகர வேண்டாம்.